இடிப்பதா, வைப்பதா: ஐப்பசிக் குறிப்புகள்

அக்டோபர் 13
எங்கள் பழைய வகுப்பறைக் கட்டடத்தை இடிப்பதா, வைப்பதா என்று சொல்லும் கமிட்டியில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டுமாம்.

அக்டோபர் 16
ராத்திரி முழுக்க மழை. வராந்தாவில் வாளிகள். நூலக அலமாரி மேல் தார்ப்பாய்.

அக்டோபர் 18
பின்பக்கக் கான்கிரீட் தூணில் ஒரு சில்லை உடைத்து, காரம் இருந்தால் நிறம் மாறும் பினாப்தலின் தெளித்தோம். உயிருள்ள கான்கிரீட் ரோஸ் நிறமாகும். வெளிப்பக்கம் நிறமே ஏறவில்லை. காற்றின் கார்பன் டை ஆக்சைடு உள்ளே இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும் காரத்தைத் தின்றிருக்கிறது. மாடியில் கம்பிக்குச் சற்று முன்னாலேயே ரோஸ் தொடங்கிவிட்டது. கழிப்பறைப் பக்கம் கம்பியையும் தாண்டிப் போயிருக்கிறது. அங்கே துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

துருப்பிடித்தல் போன்ற அரிமானத்தையே ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) 1953 முதல் இதே காரைக்குடியில் இருக்கிறது. கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார் தலைவர்.

அக்டோபர் 20
தீபாவளி. ஒவ்வொரு அணுகுண்டுக்கும் சன்ஷேட் விழுந்துவிடுமோ என்ற நினைவுதான்.

அக்டோபர் 22
மேஸ்திரி வந்தார். முன்பக்கச் சுண்ணாம்புச் சுவர் பொரிந்து உதிர்வதைக் காட்டினேன். தட்டிப் பார்த்துச் சிரித்தார். "சுண்ணாம்பு மேல சிமெண்டைப் பூசி, அதுக்கு மேல பெயிண்டையும் அடிச்சா ஈரம் எந்த வழியா சார் போகும்? செவரு நல்லாத்தான் இருக்கு."

சிமெண்டை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசச் சொல்கிறார், கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்து. சரி, கடுக்காயை எஸ்டிமேட்டில் எந்த வரியில் எழுதுவது?

மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் தளமும் கெடவில்லை. மேலே தட்டோடு பெயர்ந்த இடத்தில்தான் ஒழுகல். ஆக, பழையது நிற்கிறது, அப்புறம் ஒட்டிக் கட்டியதுதான் சாகிறது. முன்பக்கத்தை வைத்துக்கொண்டு பின்பக்கத்தை மட்டும் இடிக்கலாம்.

அக்டோபர் 24
வரப்போகும் பணம் 'புதுக் கட்டடம்' என்ற தலைப்பிலாம். பழுதுபார்க்க ஒரு பைசா எடுக்க முடியாது. அப்படியென்றால் நாங்கள் எதற்குச் சில்லு உடைத்தோம்?

அக்டோபர் 25
மழை.

அக்டோபர் 27
பழைய வீட்டுச் சாமான் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து ஒருவர் போன் செய்து பர்மாத் தேக்கு உத்தரம் எத்தனை அடி நீளம் என்று கேட்கிறார். நாங்களே இன்னும் முடிவெடுக்கவில்லை, ஐயா!

அக்டோபர் 28
வைத்துக்கொள்ளலாம் என்று எழுத உட்கார்ந்தால், மாடி வகுப்புக்குத் தோழிகள் தூக்கிச் செல்லும் அந்தப் பெண் கண்முன் வருகிறாள். லிஃப்டை வெளியே ஒட்டிக் கட்டலாம்தான். அதற்கும் தலைப்பு வேண்டும்.

அக்டோபர் 30
திங்கட்கிழமை சிக்ரியிலிருந்து ஆள் வருகிறார்கள். கம்பியின் மின்னழுத்தத்தை அளப்பார்கள். -350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் துரு ஏறக்குறைய உறுதி.

கமிட்டிக் கூட்டம் சனிக்கிழமையே.