எலி முத்திரை போட்ட ஊர்

எங்கள் செங்கோட்டை வளைவில் பழைய திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை இன்னும் அப்படியே இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று ஊர் சென்னை மாநிலத்துக்கு வந்தாயிற்று, சங்கை யாரும் பெயர்க்கவில்லை. அதைப் பார்த்தாலே எனக்கு ரஷ்யாவின் மிஷ்கின் ஞாபகம்தான். வோல்கா கரையில் சின்ன ஊர். தூங்கிக்கொண்டிருந்த இளவரசன் முகத்தில் எலி ஓடி எழுப்பிவிட, கண் விழித்தால் பக்கத்தில் பாம்பாம், ஊருக்குப் பெயரே அதனால்தானாம் (ரஷ்ய மொழியில் மிஷ் என்றால் எலி). நம்ம தலபுராணம் மாதிரியே! 1777-ல் இரண்டாம் கேத்தரின் அதை நகரமாக்கினார். அடுத்த வருடமே முத்திரை: மேலே யாரோஸ்லாவ்ல் கரடி கோடாலியோடு, கீழே எலி. புரட்சிக்குப் பிறகு நகர அந்தஸ்து போய், 1991-ல்தான் திரும்பியது. சரி, அந்தஸ்து மாறினால் காகிதம் என்ன ஆகும்? தாத்தாவின் வயல் பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது. படிக்க ஆள் தேடிப் புனலூர் வரை போனோம்.