தொண்ணூறாவது நாள்

சிங்கப்பூரில் எண்ணெய் வியாபார நிறுவனம் ஒன்றின் ஆபரேஷன்ஸ் பிரிவில் சேர்ந்த இரண்டாவது வருடம் 64,000 டாலரைத் தொலைத்தேன். திருடவில்லை, யாரிடமும் ஏமாறவில்லை. ஒரு மின்னஞ்சலில் பம்பிங் லாகை, அதாவது கப்பல் சரக்கை இறைத்து இறக்கிய நேரக் குறிப்பை, இணைக்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

30,000 டன் டீசல் விற்றிருந்தோம். கப்பலை வாடகைக்குப் பிடித்ததும் நாங்கள்தான். போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் சரக்கை இறக்க ஒப்பந்தம் கொடுத்த நேரம் 36 மணி. அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 20,000 டாலர் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம். கரையில் தொட்டி காலியில்லை என்று கப்பலை வெளியே நங்கூரம் போட வைத்துவிட்டார்கள். மூன்று நாளுக்கு மேல் ஓடிவிட்டது. கப்பல்காரர் எங்களிடம் கேட்பார், நாங்கள் வாங்கியவரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் கப்பல்காரரின் பில் வந்ததே 78ஆம் நாள். சரக்கு இறக்கி முடித்த 90 நாளுக்குள், எல்லா ஆவணங்களோடும் கோரிக்கை போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் விற்பனை ஒப்பந்தம். 88ஆம் நாள் அனுப்பினேன். கப்பல் தயார் என்று அறிவிக்கும் நோட்டீஸ் ஆஃப் ரெடினஸ் இருந்தது, துறைமுக நேரப் பதிவு இருந்தது, பம்பிங் லாக் மட்டும் இல்லை. 91ஆம் நாள் காலை இரண்டு வரியில் பதில்: ஆவணம் முழுமையில்லை, கெடு முடிந்துவிட்டது.

கப்பல் காத்துக் கிடந்தது ஊருக்கே தெரியும். அவர்களே நேரப் பதிவில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். இது என்ன நியாயம் என்று குதித்தேன். சட்டப் பிரிவில் நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் இருந்தார், என்னைவிட இருபது வயது மூத்தவர். ஒப்பந்தத்தை என் பக்கம் தள்ளினார். “நியாயத்தை ஊர்ப் பஞ்சாயத்துல கேளுங்க தம்பி. இங்க என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாருங்க.”

அன்றுதான் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். விற்றவர் சிங்கப்பூர், வாங்கியவர் வேறு நாடு, சரக்கு ஏற்றியது வளைகுடாவில், கப்பலில் பறந்தது பனாமா கொடி. பொருந்தும் சட்டமோ இங்கிலாந்துச் சட்டம்! கூடவே ஒரு வரி: 1980ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை பொருந்தாது. நாடு விட்டு நாடு பொருள் விற்பதற்கென்றே ஐ.நா. கொண்டுவந்த உடன்படிக்கை அது. சிங்கப்பூரும் அதில் சேர்ந்திருக்கிறது. இருந்தும் எண்ணெய்க்காரர்கள் அதை வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். அடிப்படையையே குலைக்கிற மீறல் என்றால்தான் பொதுவாக ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்பது அதன் போக்கு. ஒரே சரக்கு நடுக்கடலில் நாலு கை மாறுகிற தொழிலில், எது அடிப்படை என்று உட்கார்ந்து வாதாட யாருக்கும் பொறுமையில்லை. இங்கிலாந்துச் சட்டம் கறாரானது. அந்தக் கறார்தான் இவர்களுக்கு வேண்டும்.

எவ்வளவு கறார் என்பதற்கு அந்த நாகப்பட்டினத்துக்காரர் ஒரு வழக்கைச் சொன்னார். வேபா ஆயில், பெட்ரோட்ரேடு என்ற இரண்டு நிறுவனங்களுக்குள் நடந்தது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. டீசலின் அடர்த்தியை ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் டி1298 முறையில் அளக்க வேண்டும் என்று பேச்சு. ஆய்வாளர் டி4052 முறையில் அளந்துவிட்டார். அது பின்னால் வந்த முறை, இன்னும் துல்லியமானதும்கூட. சரக்கு தேறியது என்று சான்றிதழும் கொடுத்தார். ஆய்வாளரின் சான்றிதழே முடிவு என்பதுதான் ஒப்பந்தம். ஆனால் நீதிமன்றம் அந்தச் சான்றிதழ் யாரையும் கட்டுப்படுத்தாது என்றுவிட்டது. இரண்டு முறைக்கும் விடையில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதே பொருட்டில்லை என்றது. நல்ல தராசில் நிறுத்தது குற்றமா என்று கேட்டேன். “சொன்ன தராசுல நிறுக்கல, அதான் குற்றம்” என்றார்.

இத்தனை கறாரான தொழில் பாதிக்குப் பாதி ஒரு கடிதத்தை நம்பி ஓடுவதுதான் எனக்கு இன்றும் வேடிக்கை. சரக்கு யாருடையது என்பதற்கு அத்தாட்சி பில் ஆஃப் லேடிங், சுருக்கமாக பி.எல். அசல் மூன்று பிரதிகள். அவை வங்கி வங்கியாக ஏறி இறங்கி வருவதற்குள் கப்பல் துறைமுகத்துக்கு வந்து நின்றுவிடும். அதனால் எல்.ஓ.ஐ. என்று ஒரு பக்கக் கடிதம்: ‘பி.எல். இல்லாமல் சரக்கை இறக்கு, பின்னால் பிரச்சினை வந்தால் நான் பொறுப்பு.’ கோடிக்கணக்கான டாலர் சரக்கு இந்த ஒரு தாளில் இறங்கும்.

2020 ஏப்ரலில் ஹின் லியோங் என்ற சிங்கப்பூர் எண்ணெய் வியாபார நிறுவனம் சரிந்தபோது எங்கள் தெருவே ஆடிப்போனது. சுமார் 800 மில்லியன் டாலர் நஷ்டத்தைக் கணக்கில் மறைத்ததாக நிறுவனரே ஒப்புக்கொண்டார். நடக்காத இரண்டு விற்பனைகளைக் காட்டி ஒரு வங்கியிடம் பணம் வாங்கிய வழக்கில் 2024 நவம்பரில் அவருக்குப் பதினேழரை ஆண்டு சிறைத் தண்டனை. சரிவுக்குப் பிறகு வங்கிகள் எங்களிடமும் ஒவ்வொரு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தன. மின்னணு பி.எல்.லைச் சட்டம் ஏற்றுக்கொண்டாயிற்று, சிங்கப்பூரில் 2021இல், இங்கிலாந்தில் 2023இல். ஆனாலும் என் கணினியில் எல்.ஓ.ஐ. மாதிரிக் கோப்பு அழியாமல்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் ஜி7 நாடுகளும் கூட்டாளிகளும் ரஷ்யக் கச்சா எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 60 டாலர் என்று விலை உச்சவரம்பு வைத்தார்கள். அந்த விலையைத் தாண்டவில்லை என்று அப்புறம் வந்து சேர்ந்த உறுதிமொழித் தாள்களின் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அந்த 64,000 டாலரை எங்கள் நிறுவனமே கட்டியது. யாரும் என்னைத் திட்டவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது. அன்றிலிருந்து சரக்கு இறங்கி முடிந்ததுமே நாட்காட்டியில் 60ஆம் நாளையும் 80ஆம் நாளையும் குறித்துவிடுகிறேன்.

போன வருடம் நாங்கள் வாங்கிய ஒரு சரக்குக்கு டெமரேஜ் கேட்டு விற்றவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆவணம் எல்லாம் முழுமை. கணக்கும் சரி. கப்பல் இரண்டு நாள் வெளியே நின்றது எனக்கே தெரியும், தொட்டி காலியில்லை என்று சொன்னதே நான்தான். தேதியைப் பார்த்தேன். 92ஆம் நாள். அனுப்பியவர் பெயருக்குக் கீழே ‘ஜூனியர் ஆபரேட்டர்’ என்று இருந்தது.

எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன். அப்புறம் இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பினேன்.