அவா ஒடோரி: ஹாச்சிசுகா பிரபுக்கள் கட்டிப்போடப் பார்த்த ஆட்டம்

ஜப்பானின் ஷிகோகு தீவில் இருக்கிறது டோக்குஷிமா நகரம். பழைய பெயர் அவா மாகாணம். அங்கே ஆகஸ்ட் 12 முதல் 15 வரை தெருத் தெருவாக ஆடும் அவா ஒடோரிக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. 1586 வாக்கில் ஹாச்சிசுகா இயேமாசா என்ற சாமுராய் பிரபு புதுக்கோட்டை கட்டி முடித்தார். அந்தச் சந்தோஷத்தில் ஊர் மக்களுக்குச் சாக்கே என்ற அரிசி மது ஊற்றினார். குடித்தவர்கள் தள்ளாடித் தள்ளாடி ஆடியதுதான் இந்த நடனம் என்பார்கள். இதற்குப் பாடும் பாட்டிலேயே, இது ஹாச்சிசுகா பிரபு விட்டுச்சென்ற ஆட்டம் என்று ஒரு அடி வருகிறது.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அச்சில் தலைகாட்டுவது 1908இல், ஒரு செய்தித்தாள் கட்டுரையில். கோட்டை எழும்பி முந்நூறு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு! ஹாச்சிசுகா ஆட்சிக் காலத்து ஆணைகளைப் பார்த்தால் நேர்மாறான சித்திரம்தான் கிடைக்கிறது. இத்தனை நாளுக்கு மேல் ஆடாதே, இங்கே ஆடாதே, இதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆடாதே என்றுதான் அவை சொல்கின்றன. இந்த ஆட்டத்தைப் பிரபுக்கள் உண்டாக்கவில்லை. இருநூறு வருடம் அதற்கு வேலி போட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஹாச்சிசுகா குலம் ஷிகோகுவுக்கு வெளியூர்க் குலம். பூர்வீகம் ஒவாரி, அதாவது இன்றைய நகோயா வட்டாரம். இயேமாசாவின் அப்பா மாசகாட்சு, கோரோகு என்ற பெயரில் பிரபலமானவர், ஜப்பானை ஒன்றாக்கிக்கொண்டிருந்த தளபதி ஹிதேயோஷியின் ஆரம்பகாலக் கூட்டாளி. 1585இல் ஹிதேயோஷி ஷிகோகுவைப் பிடித்ததும் அவா மாகாணத்தை அவருக்குத்தான் கொடுக்க நினைத்தார். வயதாகிவிட்டது என்று சொல்லி மகனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த வருடமே மாசகாட்சு கண்ணை மூடினார். 1600இல், ஹிதேயோஷி கட்சியும் டோக்குகாவா கட்சியும் மோதிய செகிகஹாரா போர் வந்தபோது இயேமாசா ஒதுங்கி நிற்க, மகன் யோஷிஷிகே டோக்குகாவா பக்கம் போய்ச் சண்டை போட்டார். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் குலம் பிழைக்கும் கணக்கு. 'அவாவின் கிழட்டுத் தனுக்கி' என்று இயேமாசாவுக்குத் தாத்தே மாசமுனே என்ற சக பிரபு பட்டப்பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். தனுக்கி என்பது ஜப்பானியக் கதைகளில் ஆளை ஏமாற்றும் விலங்கு. ஒசாகா போருக்குப் பிறகு 1615இல் அவாஜி தீவும் சேர்ந்தது. மொத்தம் 2,57,000 கோக்கு. ஒரு கோக்கு என்பது ஒரு ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அரிசி, ஏறக்குறைய 150 கிலோ. 1871இல் சிற்றரசுகளைக் கலைக்கும் வரை அந்த நாட்டை ஒரே குலம் கைமாறாமல் ஆண்டது.

அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே ஆட்டம் இருந்தது. மியோஷி குலத்தின் ஷோசுய் கோட்டையில் 1578இல், கியோட்டோ பக்கத்திலிருந்து வந்த ஃபூர்யூ நடனம் ஆடியதாகக் குறிப்பு உண்டு. அலங்கார உடையில் கும்பலாக ஆடும் வகை அது. அதோடு முன்னோர்களை வரவேற்று வழியனுப்பும் போன் திருவிழா ஆட்டமும் இருந்தது. இரண்டும் கலந்த மண்ணில்தான் இயேமாசா கோட்டை கட்டினார்.

இனி ஆணைகள். 1671இல் மூன்று விதி. போன் ஆட்டம் மூன்று நாள் மட்டும். சாமுராய்கள் வெளியே வந்து கலந்துகொள்ளக் கூடாது, வேண்டுமானால் தங்கள் வீட்டு வளாகத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆடலாம், சண்டை சச்சரவு கூடாது. கோயில் வளாகங்களில் ஆட்டமே கூடாது. 1674இல், ஆடுபவரும் பார்ப்பவரும் வாள், மரவாள், குத்துவாள், கம்பு எதுவும் கொண்டுவரக் கூடாது என்றார்கள். 1685இல், நள்ளிரவுக்குப் பிறகு ஆடாதே, தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஆடாதே என்று வந்தது.

தடை உத்தரவைத் தலைகீழாகப் படித்தால் ஊரில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். மூன்று நாளைத் தாண்டி ஆடியிருக்கிறார்கள். சாமுராய்கள் முகத்தை மூடிக்கொண்டு கும்பலில் கலந்திருக்கிறார்கள். மரவாளால் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். வேலி எவ்வளவு தூரம் பலித்தது என்பதற்கு 1841ஆம் வருடமே சாட்சி. ஹாச்சிசுகா இச்சிகாகு என்பவர் குலப்பெயரையே தாங்கிய உயரதிகாரி. அவரே ஜனங்களோடு ஆட்டத்தில் இறங்கிவிட, வீட்டுக்குள்ளேயே சிறை வைத்துவிட்டார்கள். கோயில் வளாகம் மூடப்பட்டதையும் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஜப்பானில் பெரும்பாலான போன் ஆட்டம் நடுவில் மேடை கட்டி அதைச் சுற்றி வட்டமாக ஆடுவது. அவா ஆட்டமோ தெருவில் முன்னேறிக்கொண்டே போகும் ஊர்வலம். இந்தத் தடைக்கும் அதில் ஒரு பங்கு இருக்கலாம் என்பது என் ஊகம்.

இத்தனை நாள் ஆட, உடை தைக்க, சாக்கே வாங்க, பணம் எங்கிருந்து வந்தது? நீலச் சாயத்திலிருந்து. அவாவின் நீலம் நம் அவுரிச் செடி இல்லை, ஆற்றலரி வகையைச் சேர்ந்த வேறொரு செடி. யோஷினோ ஆறு வருடா வருடம் புயல் காலத்தில் கரை புரளும். நெல் நட்டால் கதிர் முற்றுகிற நேரத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். நீலச் செடியையோ புயலுக்கு முன்பே அறுத்துவிடலாம். வெள்ளம் கொண்டுவந்து கொட்டும் வண்டல், அடுத்த விளைச்சலுக்கு உரம். காய்ந்த இலையை செப்டம்பர் வாக்கில் கொட்டகையில் குவித்து, தண்ணீர் தெளித்து, சில நாளுக்கு ஒருமுறை கிளறிக் கிளறி சுமார் நூறு நாள் புளிக்க வைத்தால் சுகுமோ என்ற சாயச் சரக்கு தயார். தண்ணீர் கூடினால் குவியல் அழுகும், குறைந்தால் சூடேறாமல் புளிப்பு நின்றுவிடும். அதனால் தண்ணீர் அளக்கவே தனி ஆள் வைத்தார்கள். அறுவடை முடிந்து, புளிக்கப் போடுவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில்தான் போன் வருகிறது.

சிற்றரசு இந்த வணிகத்தை ஊக்குவித்தது, வரியும் கறந்தது. வியாபாரிகள் சுகுமோவை ஏற்றிக்கொண்டு எடோ (இன்றைய டோக்கியோ), ஒசாகா என்று நாடு முழுக்கப் போனார்கள். திரும்பும் கப்பலில் மீன் உரமும் வந்தது, துறைமுகப் பாட்டும் வந்தது. கியூஷூ பக்கத்து ஹையா பாட்டின் சாயல் அவா மெட்டில் கேட்பதற்குக் காரணம் இந்தப் போக்குவரத்துதான் என்பார்கள்.

அந்தக் காலத்தில் மூன்று வகை ஆட்டம் இருந்தது. நகரின் பேட்டைகள் போட்டி போட்டுக்கொண்டு பணத்தை இறைத்த குமி ஒடோரி, வேடிக்கை வேஷம் கட்டி வந்த நிவாகா, யார் வேண்டுமானாலும் சேரும் சொமெக்கி. முதல் இரண்டும் காலப்போக்கில் ஒடுங்கிவிட, இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் சொமெக்கியின் வாரிசு.

சரி, ஆடுவது எப்படி? ஈரடித் தாளம், ஒவ்வொரு அடியும் திஸ்ர நடையில் துள்ளும். முதல் அடிக்கு வலது காலை முன்னே நீட்டி, இடது காலின் கோட்டைக் கொஞ்சம் தாண்டி உள்வாட்டமாக, விரல் நுனியால் தரையைத் தொட வேண்டும். எடை இன்னும் பின்காலில்தான். இரண்டாவது அடிக்கு அதே காலை ஊன்றி எடையை மாற்ற வேண்டும். பிறகு இடது கால். கைகள் தோளுக்குக் கீழே இறங்கவே கூடாது. வலது கால் போகும்போது வலது கை, இடது கால் போகும்போது இடது கை.

தடுமாற்றம் இங்கேதான் ஆரம்பிக்கும். நடக்கும்போது எதிர்க்கை வீசுவது உடம்பில் ஊறிய பழக்கம். பத்து அடி சரியாகப் போவார்கள், பக்கத்தில் யாராவது சிரித்தால் கை மாறிவிடும். இசையோடு பழகினால் இது தீராது. கையை உயர்த்தி அசைக்காமல் வைத்துக்கொண்டு காலை மட்டும் முதலில் பழக வேண்டும். கால் யோசிக்காமல் போக ஆரம்பித்த பிறகு மணிக்கட்டைச் சேர்க்கலாம், இசை கடைசியாக வரட்டும். இரண்டாவது பிழை, நுனி தொடும் அடியிலேயே எடையைப் போட்டுவிடுவது. அப்படிச் செய்தால் இரண்டாவது அடிக்குக் காலுக்கு வேலையே இருக்காது. ஆட்டம் வெறும் நடையாகிவிடும்.

ஆண் ஆட்டத்தில் முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து, இடுப்பு தாழ்ந்து, முதுகு நிமிர்ந்து இருக்கும். நல்ல ஆட்டக்காரரின் தலை தரைக்கு இணையாக ஒரே மட்டத்தில் நகரும். தொடை களைத்ததும் ஒவ்வொரு அடிக்கும் எழுந்து உட்கார ஆரம்பிப்பார்கள், தலை தண்ணீரில் தக்கை மாதிரி மிதக்கும். இதைத் தவிர்க்க நினைத்து முழங்காலை மடக்காமல் முதுகை வளைப்பவர்களும் உண்டு. பார்க்கத் தாழ்வாகத் தெரியும், மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். விசிறி பிடித்தால் அது மணிக்கட்டிலிருந்து திரும்ப வேண்டும், முழங்கையிலிருந்து இல்லை. பெயர்தான் ஆண் ஆட்டம், பெண்களும் குழந்தைகளும் ஹப்பி அங்கி போட்டுக்கொண்டு இதை அமர்க்களமாக ஆடுகிறார்கள்.

பெண் ஆட்டம் நேர் எதிர். உடம்பு நெடுக நிமிர்ந்து, கைகள் தலைக்கு மேல். கெத்தா என்ற மரச்செருப்பின் முன்விளிம்பில் நின்றுதான் ஆட வேண்டும், குதிகால் பக்கம் எப்போதும் தூக்கலாகவே இருக்கும். முன்சாய்வு கணுக்காலிலிருந்து வர வேண்டும். இடுப்பில் மடிந்தால் தொப்பி மேலே தூக்கிக்கொள்ளும், கை தானாகப் பின்னே போகும். பின்காலை முழங்கால் மடக்கி மேலே உதைக்கும்போது இரண்டு முழங்காலும் ஒட்டியே இருக்க வேண்டும், விலகினால் கிமோனோ விரிந்துவிடும். செருப்பின் வார் தளர்ந்திருந்தால் பாதம் முன்னே வழுக்கி விரல் இடுக்கு கிழியும். வாரைக் காலுக்கேற்ப இழுத்துக் கட்டிக்கொள்வது இங்கே பயிற்சியில் பாதி.

தொப்பி, பாதி நிலா மாதிரி மடித்த கோரைத் தொப்பி. முன்பக்கம் கண் மறையச் சரித்து, பின்கழுத்து தெரியக் கட்டுவார்கள். 1685இல் முகத்தை மூடாதே என்று ஆணை போட்ட ஊரில், இன்று சுவரொட்டிகளில் சிரிப்பது இந்த முகம் மறைத்த பெண்கள்தான்!

ஆடும் குழுவுக்கு ரென் என்று பெயர். முப்பது பேரும் இருக்கலாம், நூறைத் தாண்டியும் போகலாம். உயரக் கம்பில் கட்டிய விளக்கு முன்னே, ஆடுபவர்கள் நடுவே, வாத்தியம் பின்னே. ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம், மூங்கில் குழல், சின்னதும் பெரியதுமாக முரசுகள், கானே. கானே நம் சேகண்டிக்கு உறவுக்காரன். கையில் தொங்கவிட்டு, மான்கொம்பு முனை வைத்த சின்னச் சுத்தியால் அடிப்பார்கள். ரென்னின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் கானேக்காரர்தான். வாத்தியத்திலிருந்து நாற்பது மீட்டர் முன்னே ஆடுபவரின் காதுக்குச் சத்தம் வந்துசேர 0.12 நொடி ஆகும். பெரிய முரசின் கனத்த ஒலி கட்டடங்களில் மோதி எதிரொலித்து இன்னும் குழப்பும். ஆகவே முன்வரிசைக்காரர்கள் முரசை விட்டுவிட்டு, கூர்மையாக வெட்டும் கானேயைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய முரசுகள் பெருகிவிட்டதில் ஷாமிசென் பல ரென்களில் கையசைவாக மட்டுமே தெரிகிறது. எனக்கு அதில் வருத்தம்தான்.

ரென்னுக்கு ரென் பாணி மாறும். கோஜாஹே குழுவினர் மிகத் தாழ்ந்து நிதானமாகப் போவார்கள், அஹோ ரென் துடிப்பானது, நொங்கி ரென் பழைய நளினத்தை விடாதது. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஈரடி எவ்வளவு தூரம் நீளும் என்று புரியும்.

குலத்தின் கதை பிறகு எங்கெங்கோ போனது. கடைசிப் பிரபு மோச்சியாகி ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1890இல் டோக்கியோ ஆளுநராகி, பின்னர் கல்வி அமைச்சரும் ஆனார். அவருடைய பேரன் மாசவுஜி பறவையியலாளர், டோடோ பறவை ஆய்வுக்குப் பேர்போனவர். கோட்டையை 1875இல் பிரித்துப் போட்டார்கள். நீலமும் சரிந்தது. முதலில் இந்தியாவிலிருந்து போன மலிவு நீலம் அடித்தது, பிறகு ஜெர்மன் செயற்கைச் சாயம் முடித்துவைத்தது. ஆட்டமும் தளர்ந்து, மறுபடி எழுந்து, 1920களின் இறுதியில்தான் அவா ஒடோரி என்ற பெயர் நிலைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது நின்றுபோய், 1946இல் மீண்டும் தொடங்கியது. 1957இல் டோக்கியோவின் கோயென்ஜி பேட்டை இதைக் கடன் வாங்கி, இன்று தனக்கே சொந்தம் மாதிரி நடத்துகிறது.

வேலி போடும் பழக்கமும் ஊரை விட்டுப் போகவில்லை. விழாக் கடன் 40 கோடி யென்னைத் தாண்டிய விவகாரத்துக்குப் பிறகு, 2018இல் ஏற்பாட்டாளர்கள் இரவின் உச்சமான சோ ஒடோரியை ரத்து செய்தார்கள். பிரபல ரென்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஆடும் ஆட்டம் அது. ஒரே அரங்கில் கூட்டம் குவிந்து மற்ற அரங்குகளில் சீட்டு விற்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆகஸ்ட் 13 இரவு சுமார் 1,500 பேர் தெருவிலேயே ஆடிக் காட்டினார்கள்.

விழாவுக்குப் போகிறவர்கள் நிவாகா ரென்னைத் தேடிப் பிடிக்கலாம் (பழைய வேஷ ஆட்டமான நிவாகா இல்லை, இது வேறு). யார் வேண்டுமானாலும் சேரலாம், தனி உடை தேவையில்லை, மேலே சொன்ன ஈரடியை அங்கேயே சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் போவார்கள். விழா இல்லாத மாதங்களில் பிசான் மலையடிவாரத்து அவா ஒடோரி மண்டபத்தில் கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் உண்டு, பகலில் மண்டபத்தின் சொந்தக் குழு, இரவில் பெயர்பெற்ற ரென்கள். ரயில் நிலையத்துக்கு மறுபக்கம், கோட்டை இருந்த பூங்காவில் பச்சைக் கல் மதிலும், கோட்டை அருங்காட்சியகமும், 1989இல் மறுபடி கட்டிய கழுகு வாசலும் இருக்கின்றன. இரண்டையும் நடந்தே ஒரே நாளில் பார்த்துவிடலாம்.