பள்ளத்துக்குள் ஓர் ஊர்: நெர்ட்லிங்கன்

பவேரியாவில் மதில் சூழ்ந்த பழைய ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், எல்லோரும் ரோட்டன்பர்க்குக்குத்தான் போகச் சொல்வார்கள். அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் நினைவுப்பொருள் கடைகளை விலக்கிக்கொண்டுதான் அங்கே ஊரைப் பார்க்க முடியும். அதே சுற்றுலாச் சாலையில் தெற்கே தள்ளி இருக்கும் நெர்ட்லிங்கனில் அந்தத் தொல்லை குறைவு. சுமார் 20,000 பேர் வாழும் ஊர். மதிலுக்குள்ளேயே பேக்கரி, பல் மருத்துவர், சைக்கிள் பழுதுபார்ப்பவர் என்று அன்றாட வாழ்க்கை அதன் போக்கில் நடக்கிறது.

ஆக்ஸ்பர்க் பக்கமிருந்து வந்தால் டோனாவெர்த்தில் ரயில் மாற வேண்டும். டான்யூபில் கலக்கும் வெர்னிட்ஸ் ஆற்றை ஒட்டியே சின்ன ரயில் ஒன்று போகிறது. குன்றின் மேல் நிற்கும் ஹார்பர்க் கோட்டை வரைக்கும் பள்ளத்தாக்கு குறுகலாக இருக்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இரண்டு பக்கக் குன்றுகளும் விலகிவிடுகின்றன. கண்ணுக்கு எட்டிய வரை வயல், நடுநடுவே கிராமங்களின் தேவாலயக் கூம்புகள். இந்தச் சமவெளிக்கு ரீஸ் என்று பெயர். சன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு, தெற்கு ஜெர்மனியில் இவ்வளவு தட்டையான நிலம் எப்படி வந்தது என்ற கேள்விதான் முதலில் எழுந்தது.

விடை வானத்திலிருந்து வந்தது. ஏறக்குறைய 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான குறுக்களவுள்ள சிறுகோள் ஒன்று, நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் இங்கே வந்து மோதியது. மேலே இருந்த சுண்ணாம்புப் பாறை அடுக்குகளையெல்லாம் துளைத்துக்கொண்டு, அடியில் கிடந்த கிரானைட் வரை இறங்கியது. முதலில் சில கிலோமீட்டர் ஆழத்துக்குக் குழி விழுந்து, சில நிமிடங்களுக்குள் அதன் சுவர்கள் சரிந்து, ஏறக்குறைய 24 கிலோமீட்டர் அகலமுள்ள வட்டமாக நின்றது. உருகித் தெறித்த துளிகள் செக் நாட்டின் பொஹீமியா, மொராவியா வரை போய் விழுந்தன. பச்சைக் கண்ணாடி போன்ற அந்தக் கற்களை மால்டவைட் என்கிறார்கள். நகைக் கடைகளில் விற்கிறார்கள். குழியில் அப்புறம் தண்ணீர் தேங்கி ஏரியானது. ஏரி வண்டலால் தூர்ந்தது. பிற்காலத்தில் காற்று கொண்டுவந்து போட்ட மண்ணில்தான் இன்றைக்கு விவசாயம் நடக்கிறது.

இதையெல்லாம் அடுக்கடுக்காகச் சொல்லிவிடலாம். ஆனால் 1960 வரை உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. எரிமலை வெடித்த இடம் என்றுதான் பெரும்பாலான புவியியலாளர்கள் நம்பினார்கள். அதற்குக் காரணமும் உண்டு. இங்கே கிடைக்கும் சூயவைட் என்ற சாம்பல் நிறப் பாறை பார்ப்பதற்கு எரிமலைச் சாம்பல் இறுகியது போலவே இருக்கும். அந்த ஆண்டு அமெரிக்கப் புவியியலாளர் யூஜின் ஷூமேக்கர் வந்து, ஓட்டிங் என்ற கிராமத்துக் கல்குவாரியில் கொஞ்சம் கல் எடுத்துக்கொண்டு போனார். அவருடைய சக ஆய்வாளர் எட்வர்ட் சாவ் அதை ஆராய்ந்தபோது கோயசைட் என்ற கனிமம் அகப்பட்டது. குவார்ட்ஸ் மிகப் பெரிய அழுத்தத்தில் சிக்கினால்தான் அப்படி மாறும். எரிமலை வாயில் அந்த அளவு அழுத்தம் கிடையாது. வழக்கு அதோடு முடிந்தது. ஷூமேக்கர் இறந்த பிறகு அவருடைய சாம்பலில் ஒரு பகுதி விண்கலத்தில் போய் 1999இல் நிலவில் விழுந்தது. மோதல் பள்ளங்களையே ஆராய்ந்தவருக்குப் பொருத்தமான அடக்கம்தான்.

நிலவு என்றதும் இன்னொன்று. 1970 ஆகஸ்டில் அப்பல்லோ 14 பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் இங்கே பாறை படிக்க வந்தார்கள். போகிற இடமெல்லாம் மோதல் பள்ளம். எந்தக் கல்லைப் பொறுக்குவது என்று தெரிய வேண்டுமே. பதில் மரியாதையாக வந்த நிலவுக் கல் ஒன்று இங்குள்ள ரீஸ் பள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பல்லோ 16 கொண்டுவந்த கல் அது. 16ஆம் நூற்றாண்டுக் களஞ்சியத்தைத்தான் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். அதை ஒட்டி ஏகர் ஆற்றங்கரையில் தோல் பதனிடுபவர்களின் பழைய வீடுகள் நிற்கின்றன. தோலைக் காயவைப்பதற்காக உயரமான, காற்றோட்டமான பரண்கள். நிலவுக் கல்லுக்குக் கூட்டம் இருந்தது, இந்த வீடுகளுக்கு இல்லை. எனக்கு வீடுகள்தான் பிடித்தன.

ஊருக்குள் நிற்கும்போது பள்ளத்துக்குள் இருக்கிறோம் என்று தெரியவே தெரியாது. விளிம்பு வெகு தொலைவில், அதுவும் நூறு, நூற்றைம்பது மீட்டர் உயரக் குன்றுகளாகத்தான் கிடக்கிறது. பள்ளத்தைப் பார்க்க வேண்டுமானால் கல்லைப் பார்க்க வேண்டும். 1427இல் தொடங்கி 1505இல் முடித்த புனித ஜார்ஜ் தேவாலயம் முழுக்க சூயவைட்டில் கட்டியது. வடக்குப் பக்கச் சுவரில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தேன். நம் பழைய வீடுகளின் மொசைக் தரை மாதிரி, சாம்பல் பரப்பில் வெளிர் துண்டு, செந்துண்டு, விரல் நீளக் கறுப்புக் கண்ணாடிச் சிதறல் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. கறுப்புத் துண்டுகள் உதிர்ந்த இடங்களில் சின்னச் சின்னக் குழிகள். செதுக்குவதற்கு எளிதான கல், மழைக்கும் எளிதாகவே தேய்கிறது. ஏதாவது ஒரு மூலையில் சாரம் கட்டிப் பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தக் கல்லில் வைரமும் இருக்கிறது. பாறையில் இருந்த கிராஃபைட் மோதலின் அழுத்தத்தில் வைரமாக மாறிவிட்டது. இணையத்தில் இதை ‘வைர ஊர்’ என்று கொண்டாடுகிறார்கள். ஒவ்வொன்றும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய பொடி, மோதிரத்துக்கு ஆகாது. கோயிலைக் கட்டிய கொத்தனார்களுக்கு இது எதுவும் தெரியாது, பக்கத்தில் கிடைத்த கல், வெட்ட வசதி, அவ்வளவுதான்.

கோபுரத்துக்கு டேனியல் என்று பெயர். 90 மீட்டர் உயரம், 350 படி. மேல் பாதியில் மரப்படிகள் கிறீச்சிடும். எதிரே இறங்கி வருபவருக்காக ஒதுங்கி நிற்கிற சாக்கில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மேலே வந்து நின்றால்தான் ஊரின் கணக்கு புரிகிறது. சிவப்பு ஓட்டுக் கூரைகள் வட்டமாக அடுக்கியிருக்கின்றன. அதற்குள்ளே இன்னொரு சிறிய வட்டத்தைத் தெருக்கள் காட்டுகின்றன. அது 1215இல் நகர உரிமை பெற்ற காலத்து மதில் நின்ற தடம். 1327இல் பேரரசர் லுட்விக் புதிய மதிலுக்கு உத்தரவிட்ட பிறகு ஊர் நான்கு மடங்கு விரிந்தது. வெளியே வயல், அதற்கும் அப்பால் அடிவானத்தைச் சுற்றி நீலமாகக் குன்றுகள். வட்டத்துக்குள் வட்டத்துக்குள் வட்டம். ஆனால் ஊர் பள்ளத்தின் மையத்தில் இல்லை. மையம் வடகிழக்கே சுமார் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மையத்தில்தான் ஊர் என்று வழிகாட்டிக் குறிப்புகளில் எழுதுவது சும்மா அழகுக்கு.

இரவு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, அரை மணிக்கு ஒரு தடவை, கோபுரக் காவலர் மேலிருந்து ‘ஸோ, க்ஸெல், ஸோ’ என்று குரல் கொடுக்கிறார். இதற்கு ஊரார் சொல்லும் கதை: 1440இல் எட்டிங்கன் பிரபு ஊரைப் பிடிப்பதற்காக வாயில் காவலர்களுக்குக் காசு கொடுத்து லெப்சிங்கர் வாயிலைத் திறந்து வைக்கச் செய்தாராம். அந்த வழியே போன பெண் ஒருத்தி, தப்பித்து வந்த பன்றி ஒன்று கதவில் முதுகைத் தேய்ப்பதையும், கதவு அசைவதையும் பார்த்து, இதே சொற்களைச் சொல்லிக் கூச்சல் போட்டாளாம். பன்றி எவ்வளவு உண்மையோ, லஞ்சம் வாங்கிய காவலர்களுக்கு மரண தண்டனை கிடைத்தது உண்மை.

மதிலின் மேல் நடப்பதற்குக் கட்டணம் இல்லை. கூரை போட்ட நடைபாதை, 2.7 கிலோமீட்டர், ஐந்து வாயில்கள். ஊரை முழுசாக ஒரு சுற்று வரலாம். ஜெர்மனியில் வேறெங்கும் இப்படி அறுபடாமல் நடக்க முடியாது. ஒரு பக்கம் அம்பு எய்யும் துளைகள், மறுபக்கம் யாரோ காயப்போட்ட துணி, தக்காளிச் செடி.

இந்த மதில் எப்படித் தப்பியது? பெருமையால் அல்ல, ஏழ்மையால் என்பது என் எண்ணம். நடுக்காலத்தில் இது பணக்கார ஊர். 1219லேயே ஆவணத்தில் வந்துவிட்ட பெந்தெகொஸ்தே சந்தைக்கு வெகுதூரத்து வணிகர்கள் வந்தார்கள். 1634 செப்டம்பரில் முப்பதாண்டுப் போரின் பெரிய சண்டை ஒன்று ஊருக்குத் தெற்கே அல்புக் குன்றில் நடந்தது. பேரரசுப் படையின் முற்றுகையிலிருந்து ஊரைக் காப்பாற்ற வந்த ஸ்வீடன் படை அந்தக் குன்றைத் திரும்பத் திரும்பத் தாக்கித் தோற்றது. தளபதி குஸ்டாஃப் ஹோர்ன் சிறைப்பட்டார். முற்றுகை, பஞ்சம், கொள்ளைநோய் எல்லாம் சேர்ந்து மக்கள்தொகை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதன்பின் ஊர் நிமிரவே இல்லை. மற்ற நகரங்கள் வளர்ந்து மதிலை இடித்தபோது, இங்கே இடித்துக் கட்ட யாரிடம் பணம் இருந்தது? 1803 வாக்கில் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரம் என்ற அந்தஸ்தும் போய் பவேரியாவோடு சேர்ந்துவிட்டது.

வைன்மார்க்ட் சதுக்கத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது, மரியா ஹோல் என்ற விடுதிக்காரப் பெண்மணியின் நினைவாக. 1589 முதல் பத்தாண்டுகளில் இந்தச் சிறிய ஊர் சூனியக்காரிகள் என்று 34 பெண்களையும் ஓர் ஆணையும் கொன்றது. மரியா ஹோலை 62 முறை சித்திரவதை செய்தார்கள். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. உல்ம் நகரமும் பரிந்து பேச, 1594இல் விட்டுவிட்டார்கள். விண்கல்லுக்கு ஓர் அருங்காட்சியகமே கட்டிய ஊரில் இவருக்கு ஒரு நீரூற்று என்பது கொஞ்சம் குறைச்சல்தான்.

நேரம் இருந்தால் ஹோல்ஹைம் பக்கம் ஓஃப்நெட் குகைகளுக்குப் போய் வாருங்கள். 1908இல் இங்கே முப்பதுக்கும் மேற்பட்ட மண்டையோடுகள், எல்லாம் மேற்கு நோக்கி, செங்காவி பூசிக் கிடைத்தன; இடைக் கற்காலத்தவை. கீழேயே ஒரு ரோமானியப் பண்ணை வீட்டின் அடித்தளமும் இருக்கிறது. கால்பந்துப் பிரியர்களுக்கு: கெர்ட் முல்லர் பிறந்த ஊர் இது, மைதானத்துக்கு அவர் பெயர்தான். ஒரே ஒரு எச்சரிக்கை. திங்கட்கிழமை போகாதீர்கள், பள்ள அருங்காட்சியகம் மூடியிருக்கும்.