மெஷினை எடுப்பதா, விடுவதா

29 ஜூன் 2025, ஞாயிறு

வலது காலில் மரப்பு வந்து சில வாரங்கள் ஆகின்றன. இத்தனை வருடமாக இடது கால்தான் தொந்தரவு கொடுத்தது, இது புதுசு. நியூராலஜிஸ்ட் காலைத் தட்டி, அழுத்தி, நடக்கவிட்டுப் பார்த்தார். பலம் குறையவில்லை, அவசரமில்லை, ஆனால் முதுகை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் எமர்ஜென்சிக்கு ஓட வேண்டும் என்றும் எச்சரித்தார்.

வலிக்காக என் முதுகுக்குள் மின்துடிப்பு அனுப்பும் ஒரு மெஷின் புதைத்திருக்கிறது. ஸ்கேன் சென்டரில் அதன் அட்டையைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள். 2017இல் வைத்த மாடல் இது. தலைக்கு மட்டும் எம்ஆர்ஐ எடுக்கலாம், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. முதுகுக்கு எடுக்கக் கூடாது. ஸ்கேனரின் ரேடியோ அலையில் ஒயர் சூடாகி, பக்கத்தில் இருக்கும் நரம்பைச் சுட்டுவிடலாம். முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் சாயம் செலுத்தி சிடி எடுப்பது ஒரு மாற்று வழி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. ஒரு ஸ்கேனுக்குக்கூட வழிவிடாத இந்த மெஷின், இப்போது எனக்கு என்னதான் செய்கிறது?

5 ஜூலை, சனி

இதே நிலையில் இருக்கும் யாராவது படிக்கலாம் என்பதால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

தண்டுவட ஸ்டிமுலேட்டர் என்பது இதன் பெயர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது 'மெஷின்'தான். முதுகெலும்புக்குள், தண்டுவட உறைக்கு வெளியே இரண்டு மெல்லிய ஒயர்கள். அவை தோலுக்கடியில் ஓடி, இடுப்புக்குக் கீழே பின்பக்கம் புதைத்த பேட்டரிப் பெட்டியில் சேரும். அங்கிருந்து போகும் மின்துடிப்பு, வலிச் செய்தி மூளைக்கு ஏறுவதைத் தடுக்கும் என்பது அடிப்படை. மெல்ஸாக், வால் என்ற இருவர் 1965இல் வலிக்கு ஒரு 'கதவு' உண்டு என்று எழுதினார்கள். அதை வைத்து 1967இல் அமெரிக்காவில் ஷீலி என்ற டாக்டர் முதல் கருவியைப் பொருத்தினார்.

எனக்கு முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஆன பிறகும் வலி போகவில்லை. அப்போது முதலில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். ஒயர் மட்டும் உள்ளே, பெட்டி வெளியே இடுப்பில். வலி பாதிக்குப் பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பார்கள். எனக்குக் குறைந்தது. அந்த வாரம் மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வந்தேன். பிறகு இரண்டு மூன்று வருடம் உண்மையிலேயே நல்ல காலம். மெஷின் வேலை செய்யவே இல்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் மெல்ல மெல்லப் பலன் தேய்ந்தது. தும்மினால் காலில் சுரீர் என்று ஒரு அடி. மல்லாந்து படுத்தால் துடிப்பு திடீரென்று கூடும். படுக்கும்போது தண்டுவடம் ஒயரை நெருங்குவதால் அப்படி ஆகிறது. கார் சீட்டில் சாய்ந்தால் பெட்டி இருக்கும் இடம் குத்தும். எல்லாவற்றையும் விடச் சிரமம் சார்ஜ் போடுவது. பெல்ட்டுக்குள் இருக்கும் வட்டத் தட்டை, தோலுக்கடியில் உள்ள பெட்டிக்கு நேராகப் பிடிக்க வேண்டும். விரலளவு நகர்ந்தாலும் பீப் பீப் என்று கத்தும். அசையாமல் இருந்தால் அந்த இடத்தில் தோல் சுடும். 2023இல் இங்கே தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, கரண்ட் அட்டவணையைப் பார்த்துத்தான் என் முதுகுக்கும் நேரம் ஒதுக்கினோம். டர்பனில் இருந்தவர்களுக்கு அந்த வருடம் மறக்காது.

12 ஜூலை, சனி

மெஷின் கம்பெனியின் ரெப் வந்திருந்தார். லேப்டாப்பை வைத்து என் மெஷினைப் படித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு புரோகிராம், அதாவது துடிப்பு போகும் முறையை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்றார். அன்பான பெண். முன்பு துடிப்பின் கூச்சம் உடம்பில் தெரியும் புரோகிராமிலிருந்து, எதுவுமே தெரியாத புரோகிராமுக்கு மாற்றியதும் இவர்தான். ஆனால் ஒன்று மனதை உறுத்துகிறது. டாக்டர் அறையில் என் மெஷினைப் பற்றி அதிகம் தெரிந்த ஆள், அதை விற்கும் கம்பெனியின் ஆள். எப்போது கேட்டாலும் பதில் 'இன்னும் ஒரு புரோகிராம்'தான். எடுத்துவிடலாமா என்ற கேள்வியை அவரிடம் கேட்பது முறையல்ல. அவரும் சொல்ல முடியாது.

13 ஜூலை, ஞாயிறு

மகள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து போனில் பேசினாள். நார்வேயில் நடந்த ஒரு ஆய்வைப் படித்திருக்கிறாள், 2022இல் வெளிவந்தது. முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் வலி தீராத 50 பேர். எல்லோருக்கும் மெஷின் வைத்து, யாருக்கு எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று அவர்களுக்குச் சொல்லாமல் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஓடியபோதும் நின்றபோதும் பெரிய வித்தியாசம் இல்லை. 2023இல் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பும் முதுகுவலிக்கு இதில் நீடித்த நன்மை அநேகமாக இல்லை என்றே முடித்தது.

கேட்டதும் கோபம் வந்தது. என் இரண்டு மூன்று வருட நிம்மதி பொய்யா? அப்புறம் யோசித்துப் பார்த்தேன். ஐம்பது பேரின் கணக்கு என் ஒருத்தியின் கதையைச் சொல்லாது. ஆனால் அவர்கள் செய்த அதே காரியத்தை நானும் செய்து பார்க்கலாமே! இப்போதைய புரோகிராமில் எனக்குக் கூச்சம் தெரிவதில்லை. அணைத்தாலும் தெரியாது.

டாக்டரிடம் கேட்டோம். தாராளமாகச் செய்யலாம், மாத்திரையை மட்டும் கூட்டவோ குறைக்கவோ கூடாது, ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற வேண்டும் என்றார். நரம்பு வலிக்கான ப்ரிகேபலின் மாத்திரை அதே அளவில் தொடர்கிறது. (அதைத் திடீரென்று நிறுத்துவது எப்போதுமே ஆபத்து.)

மெஷினின் ரிமோட் இனி என் கணவர் கையில். வாரம் ஒருமுறை மெஷினை ஓடவிடுவாரோ அணைப்பாரோ, என்னிடம் சொல்ல மாட்டார். தாளில் எழுதி உறையில் வைத்துவிடுவார். தினமும் இரவு வலிக்கு மதிப்பெண் போடுவது என் வேலை.

20 ஜூலை, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. இங்கே ஆடி என்றால் குளிர்காலம். ஊரில் காற்று அடிக்கும் மாதம் என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

சார்ஜ் நேரம் வந்ததும் அவர் பெல்ட்டை எடுத்து வந்தார். "இந்த வாரம் மெஷின் ஓடுதா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "நீ சும்மா இரு, நான் கட்டுறேன்" என்றார். அணைத்த வாரமாக இருந்தாலும் பெல்ட் கட்டினால்தான் எனக்குத் தெரியாது. தட்டை நகர்த்தி, பீப் நிற்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டிவியில் கிரிக்கெட் ஓடியது, ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

மாரியம்மன் கோயிலில் கூழ். எங்கள் வீட்டில் சோள மாவில்தான் காய்ச்சுவோம். அடுப்படியில் நின்று துழாவ என்னால் முடியவில்லை, உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அம்மாடி, எடுத்துட்டு வலி கூடிப்போச்சுன்னா திரும்ப வைப்பாங்களா?" என்று கேட்டார். எண்பது தாண்டியவர், சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். என் பயமும் அதுதான். உள்ளே தழும்பு ஏறியிருக்கும், மறுபடி ஒயரை ஏற்றுவது கடினம். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இரண்டாவது முறை பணம் கொடுக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று உறைகளைப் பிரித்தோம். சாப்பாட்டு மேசையில் என் நோட்டை ஒரு பக்கம், அவர் தாள்களை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தோம். வித்தியாசம் இல்லை. அணைந்திருந்த ஒரு வாரத்தில்தான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். ஓடிய வாரம் ஒன்றில், நிச்சயம் அணைத்துவிட்டார் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அழுதேன். ஏமாந்துவிட்டோம் என்ற அழுகை இல்லை. அந்த நல்ல வருடங்கள் திரும்பி வரும் என்று இத்தனை நாள் காத்திருந்தேன், அது இன்றோடு முடிந்தது.

30 ஆகஸ்ட், சனி

மெஷின் வைத்தவரிடம் போகாமல் வேறு ஒரு சர்ஜனிடம் போனோம். அணைத்து உள்ளேயே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். விடலாம், ஆனால் இந்த வகைப் பேட்டரியை அவ்வப்போது சார்ஜ் செய்யாமல் வற்றவிட்டால் பிறகு உயிர் பெறாமலே போகலாம் என்றார். பெட்டியை மட்டும் எடுத்து ஒயரை விட்டால்? குத்தல் போகும், ஆனால் எம்ஆர்ஐ அனுமதி கிடைக்காது. உள்ளே விட்ட ஒயரை ஸ்கேன்காரர்கள் இன்னும் அதிகமாகச் சந்தேகிப்பார்கள்.

எனக்கு இருப்பது ஊசி வழியாக ஏற்றிய ஒயர். பட்டையான வகையாக இருந்தால் எலும்பை மறுபடி திறக்க வேண்டியிருக்கும், அது பெரிய ஆபரேஷன். என்னுடையதை இழுத்து எடுத்துவிடலாம். அதிலும் ஆபத்து உண்டு: தொற்று, உள்ளே ரத்தக் கசிவு, உறை கிழிந்து தண்டுவட நீர் ஒழுகித் தலைவலி, ஒயர் அறுந்து துண்டு தங்கிப்போவது. எதையும் மறைக்காமல் சொன்னார். வலி கூடுமா என்றேன். கூடாது என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அணைத்த வாரங்களில் நீங்கள் வாழ்ந்து பார்த்துவிட்டீர்களே என்றார். அந்த ஒரு வரிக்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

7 செப்டம்பர், ஞாயிறு

எடுக்கிறேன். பெட்டி, ஒயர் இரண்டும்.

அத்தைக்குச் சம்மதம், முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். மகள் லீவு போட்டுவிட்டு வருகிறாள். மெடிக்கல் எய்டிலிருந்து முன் அனுமதி வந்துவிட்டது. ஆபரேஷன் இந்த மாதக் கடைசியில், புண் ஆறியதும் எம்ஆர்ஐ. வலது கால் அப்படியேதான் இருக்கிறது, மோசமாகவில்லை.

சர்ஜனிடம் ஒன்று மட்டும் கேட்டிருக்கிறேன். ஆபரேஷன் முடிந்ததும் முதுகை எக்ஸ்ரே எடுத்து, இரண்டு ஒயரும் முழுதாக வந்துவிட்டன, உள்ளே எதுவும் தங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஸ்கேன் சென்டரில் இனி அந்தப் பழைய அட்டையை நீட்டப் போவதில்லை, இந்தத் தாளைத்தான் நீட்டுவேன். சரி, தருகிறேன் என்றார்.