பென்சில் கோடு

ஜனவரி 1, 2025, புதன். மார்கழி 17

புது வருஷத் தீர்மானம் என்று எதுவும் எடுக்கப்போவதில்லை. எடுத்து எடுத்துப் பார்த்தாகிவிட்டது. சமையலறைச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். தரையிலிருந்து 121 சென்டிமீட்டர். எறும்பு ஏறுகிற மாதிரி வலது கை விரல்களைச் சுவரில் ஏற்றிக்கொண்டே போகணும், எங்கே நிற்கிறதோ அங்கே கோடு போடணும், தினமும் மூன்று வேளை என்று பிசியோதெரபி பையன் சொல்லியிருக்கிறான். காலண்டர் ஆணி 160இல் இருக்கிறது. அதில் இன்னும் 2024தான் தொங்குகிறது. கழற்ற இடது கை போதும். கழற்றவில்லை.

அப்புறம், காலையில் கதவைத் திறந்தால் வாசலில் கோலம். நான் போடாத கோலம். 15க்கு 8 ஊடுபுள்ளி, சுற்றிலும் காவி, நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ. யார் வேலை இது?

ஜனவரி 2

இன்றைக்கும் கோலம். கோபமாக வருகிறது.

ஜனவரி 3

121. ராத்திரி இரண்டரைக்கு எழுந்தேன், அப்புறம் தூக்கம் இல்லை. வலப்பக்கம் தெரியாமல் புரண்டால் போதும், யாரோ தோளுக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகுகிற மாதிரி. முதலில் பார்த்த டாக்டர் தசைப்பிடிப்பு என்று தைலம் எழுதித் தந்தார், இரண்டு மாதம் அதைத் தேய்த்து வீடெல்லாம் நாறியதுதான் மிச்சம். அடுத்தவர்தான் ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வருமாம். முதலில் வலி, அப்புறம் இறுக்கம், அப்புறம் மெதுவாக இளகும், ஒரு வருஷமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். மூன்று வருஷம்! அதைச் சொல்லும்போது அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பின்னால் கொக்கி மாட்ட முடியாது. தலை பின்ன முடியாது. மேல் தட்டில் துவரம்பருப்பு இருக்கிறது, அதனால் ஒரு வாரமாகப் பாசிப்பருப்பு சாம்பார்.

ஜனவரி 4

122. கண்டுபிடித்துவிட்டேன். நாலரைக்கு ஜன்னலருகே விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன், திருடனைப் பிடிக்கிற மாதிரி. எதிர் வீட்டு மாமி. மப்ளர், ஸ்வெட்டர், கையில் ஒரு குட்டி ஸ்டூல், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முதலில் அவர்கள் வாசல், முடித்ததும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து என் வாசல்.

வெளியே வந்து, "யாரைக் கேட்டுப் போடுறீங்க மாமி?" என்று கேட்டேவிட்டேன். கேட்ட பிறகுதான் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று தெரிந்தது. மாமி நிமிரவில்லை. கம்பி இழுத்துக்கொண்டே, "வாசல் வெறிச்சுனு கிடக்கப்படாது. நீ கையத் தொங்கவிட்டுண்டு நடக்கறதப் பார்த்துண்டுதானே இருக்கேன்" என்றார். இழை ஒன்று கூடக் கோணவில்லை. எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சாயங்காலம் நாலு பேராச் சித்திர வீதி சுத்தறோம். வா."

கையால்தான் போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கம் ஒரு வருஷத்துக்கு வாசலில் கோலம் கிடையாது. சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கை என்றே இருக்கட்டும்.

ஜனவரி 5

போகவில்லை.

ஜனவரி 6

போனேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. நடந்தது முக்கால்வாசி, மீதியெல்லாம் திண்ணை திண்ணையாக நின்றது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கத்தரிக்காய் விலை பற்றியே ஒரு வீதி முழுக்கப் பேசினார்கள்.

ஜனவரி 7

சர்க்கரை டெஸ்டில் (HbA1c) வந்த அந்த 8.4 தலையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மூன்று மாதச் சராசரி அது. சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்குமாம், அந்த நாளெல்லாம் ஒட்டிய சர்க்கரையைத்தான் கணக்கெடுக்கிறார்கள். டிசம்பர் கடைசியில் ரத்தம் கொடுத்தேன். அப்படியானால் அக்டோபரும் அதற்குள் இருக்கிறது. அந்த மாதம் என்ன சாப்பிட்டேன், மாத்திரை போட்டேனா என்றே ஞாபகமில்லை. ஆஸ்பத்திரி வராண்டா டீ ஞாபகம் இருக்கிறது. யாரோ கையில் திணித்த பன் ஞாபகம் இருக்கிறது. நான் மறந்தாலும் ரத்தம் மறக்கவில்லை போல, அக்டோபரை இன்னும் தூக்கிக்கொண்டு சுற்றுகிறது. பிப்ரவரிக்குள் அந்த அணுக்களெல்லாம் செத்துப் புதுசு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். சந்தோஷப்பட வேண்டிய கணக்கு. அழுகை வந்துவிட்டது.

தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சர்க்கரை ஏறும், அதனால் முதலில் 8க்குக் கீழே வரட்டும் என்கிறார்கள். எனவே மதியம் சாதம் ஒரு கரண்டி.

ஜனவரி 8

121. இறங்கிவிட்டது. யாருடனும் பேசவில்லை.

ஜனவரி 10

வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவரைக்கும் வெளியூர்க் கூட்டம், என் திண்ணையில் ஒரு குடும்பமே பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தது. கோவில் இங்கிருந்து நடக்கிற தூரம், இருந்தும் பரமபத வாசல் திறந்ததை மாமி வீட்டு டிவியில்தான் பார்த்தோம். அந்தக் கூட்டத்தில் ஒரு முழங்கை பட்டால் என் தோள் நேரே வைகுண்டம். இதைச் சொன்னதும் மாமி சிரித்த சிரிப்பில் மப்ளர் அவிழ்ந்துவிட்டது.

ஜனவரி 11

124! கூடாரவல்லி. மாமி வீட்டு அக்காரவடிசலைக் கிளற நாலு பேர் முறை வைத்தோம், நான் இடது கையால். திருப்பாவைப் பாட்டில் முழங்கை வரைக்கும் நெய் வழியும், எனக்கு அந்த இடம் வரைக்கும் வலி வழிகிறது. இரண்டு ஸ்பூன் சாப்பிட்டேன். இரண்டுதான். சரி, மூன்று.

ஜனவரி 13

போகி. இந்த வருஷ மார்கழிக்கு 29 நாள், பாட்டோ 30. கடைசி இரண்டையும் இன்றைக்கே சேர்த்துப் பாடிவிட்டார்கள். கொளுத்தப் பழைய காலண்டர் இருக்கா ஆன்ட்டி என்று தெருப் பையன் வந்தான். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 14

எனக்குப் பொங்கல் இல்லை. கதவைச் சாத்தி வைத்திருந்தேன். பத்து மணிக்குத் தட்டினார் மாமி, வாழையிலை போட்டு மூடிய பாத்திரத்தோடு. "நீ இந்த வருஷம் வைக்கமாட்டேன்னு தெரியும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். எனக்கு இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்த அன்றைக்கே புரோக்கர் சொல்லியிருக்கிறான். அப்படியானால் முதல் நாளிலிருந்தே தெரியும்.

"தெரிஞ்சுமா கோலம் போட்டீங்க?"

"எங்காத்துக்காரர் தவறின வருஷம் நான் போடலை. மார்கழி பூரா கதவத் திறக்கவே பிடிக்கலை எனக்கு." அப்புறம் பாத்திரத்தைக் காட்டி, "வெல்லம் கம்மியாப் போட்டிருக்கேன். சாயங்காலம் கொண்டா."

பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன். கொண்டுபோகத் தைரியம் வரவில்லை. நாளைக்கு.

ஜனவரி 15

127, தோளைத் தாண்டிவிட்டது. வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் கோடு மேலே. நாலு வீதியும் சுற்றினோம். மாமி மட்டும் வரவில்லை, கனுப்பிடி வைத்துவிட்டு வந்த அசதி என்றார்கள்.

ஜனவரி 16

வாசலில் கோலம் இல்லை. தை பிறந்துவிட்டது, எல்லாரும் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள் என்று நினைத்தேன். எதிர் வாசலிலும் இல்லை. தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை, பால் பாக்கெட் கிரில்லில் அப்படியே தொங்குகிறது. ஆறே முக்கால். அந்தப் பாத்திரம் இங்கேதான் இருக்கிறது. கொடுக்கிற சாக்கில் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.