அனுப்பியது 1 மெகாவாட், இழந்தது 10 மெகாவாட்!

மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்குரிய பயிற்சித் தேர்வில் மின்மாற்றிக் கணக்குக்கு நான் வாங்கியது முட்டை. சூத்திரம் தெரியாமல் இல்லை, தெரிந்ததைத் தவறான இடத்தில் போட்டேன்.

கேள்வி இதுதான். 1 மெகாவாட் மின்திறனை 10 ஓம் தடையுள்ள கம்பியில் 10,000 வோல்ட்டில் அனுப்புகிறார்கள். கம்பியில் எவ்வளவு வீணாகும்? வோல்ட்டும் ஓமும் கண்ணில் பட்டதும் வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையால் வகுத்துவிட்டேன். விடை 10 மெகாவாட். அனுப்பியதே 1 தான்! அதற்குக் கீழே இரண்டு கோடு வேறு.

பட்டர்வொர்த்தில் டியூஷன் எடுத்த அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த 10,000 வோல்ட்டும் கம்பியிலேயா விழுது?" என்று மட்டும் கேட்டார்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. திறனை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் 100 ஆம்பியர். கம்பியில் விழுவது 100 பெருக்கல் 10, அதாவது 1,000 வோல்ட் மட்டும். மீதி ஊருக்குப் போகிறது. இழப்புக்கு மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும்: 100 கிலோவாட். பத்தில் ஒரு பங்கு வெறும் சூடாகப் போய்விடுகிறது. சரி, மின்மாற்றி வைத்து 100,000 வோல்ட்டாக ஏற்றினால்? மின்னோட்டம் 10 ஆம்பியர், இழப்பு 1 கிலோவாட். மின்னழுத்தம் 10 மடங்கு ஏற, இழப்பு 100 மடங்கு இறங்குகிறது. தீபகற்ப மலேசியாவின் பெரிய மின்கோபுரங்களில் 132, 275, 500 கிலோவோல்ட் ஓடுவது இதற்காகத்தான்.

விளக்கக் கேள்வியில் 'மின்னழுத்தம் கூடினால் இழப்பு குறையும்' என்று ஒரே தாவலில் எழுதாதீர்கள். நடுவில் 'மின்னோட்டம் குறைகிறது' என்ற வரி வேண்டும். என்னைக் கேட்டால் மதிப்பெண்ணே அதில்தான். 'ஓம் விதிப்படி வோல்ட் கூடினால் மின்னோட்டமும் கூடாதா?' என்று குழம்புகிறவர்களும் உண்டு. அனுப்பும் திறன் மாறவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

மின்மாற்றிக்குள் நடக்கும் இழப்பு தனிக் கதை, இதோடு கலக்காதீர்கள். சுருள்கள் சுற்றிய இரும்பு உள்ளகத்துக்குள்ளேயே சுழன்று ஓடி அதைச் சூடாக்கும் சுழல் மின்னோட்டம் வரும், மலாயில் ஆருஸ் புசார். அதைக் குறைக்க மென்னிரும்பைக் கட்டியாக வைக்காமல், காப்பிட்ட மெல்லிய தகடுகளாக அடுக்குகிறார்கள். 'தகடு' என்பதோடு நிறுத்தாமல் 'காப்பிட்ட' என்பதையும் எழுதுங்கள். நான் எழுதவில்லை, அங்கேயும் ஒன்று போனது.